பழைய வண்டியில் புதுச் சத்தம்: எஞ்சினைப் பிரிக்கும் முன்

செட்டிநாட்டுத் தெருக்களில் ஒரு வசதி உண்டு. கானாடுகாத்தானோ, பள்ளத்தூரோ, கோட்டையூரோ, ஒரு தெருவில் முகப்பு வைத்த வீடு அடுத்த தெருவில் போய்த்தான் முடியும். அதனால் பல தெருக்களில் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான மதில்தான் கூடவே வரும். தேவகோட்டை ரோட்டில் போகும்போது காற்றோடு போய்விடுகிற எஞ்சின் சத்தம், இந்த மதிலில் பட்டு நேராகக் காதுக்குத் திரும்பி வரும். உங்கள் பழைய பைக்கில் ஏதோ வித்தியாசமாகக் கேட்கிறது என்று தோன்றினால், ஸ்பேனரை எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். மத்தியானம், தெரு அடங்கிக் கிடக்கும் நேரத்தில், மதிலை ஒட்டி இரண்டாவது கியரில் மெதுவாக ஒருமுறை போங்கள். அதே மதிலை ஒட்டித் திரும்பி வாருங்கள். போகும்போது எஞ்சினின் ஒரு பக்கம் மதிலைப் பார்க்கும், வரும்போது மறுபக்கம். எந்தப் பக்கம் சத்தம் கூடுகிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய காஸ்ட் அயர்ன், அதாவது வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் இடப்பக்கம் பிரைமரி செயினும் கிளட்சும். வலப்பக்கம் டைமிங் கியர், ஆயில் பம்ப், வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட். ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், சி.டி. 100 வகையில் தலைகீழ்: இடப்பக்கம் மேக்னெட்டும் டைமிங் செயினும், வலப்பக்கம் கிளட்ச். டூ ஸ்ட்ரோக் யமஹா ஆர்.எக்ஸ். 100-இலும் கிளட்ச் வலப்பக்கம்தான்.

அடுத்தது, எஞ்சின் சத்தமா இல்லையா என்பதையே முடிவு செய்ய வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கிளட்ச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் ஸ்லோவுக்கு வந்துவிடும், சக்கரம் அதே வேகத்தில் ஓடும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் அது செயின், ஸ்ப்ராக்கெட், வீல் பேரிங், பிரேக் ஷூ வகையறா. செயினில் ஒரு கண்ணி இறுகிப்போனால் செயின் சுற்றி வரும் கணக்குக்கு 'க்ளக்' வரும். செம்மண் தூசியும் ஆயிலும் சேர்ந்து அரைத்த மாவு மாதிரி செயினில் அப்பிக்கொள்ளும் ஊர் இது. அதன் மேலேயே மறுபடி ஆயில் விட்டால் அரம் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பிறகு ஆயில் விட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் பின்னால் 'டங்' என்று ஒரு இடி வந்தால் பின் சக்கரத்து டேம்பர் ரப்பர் தேய்ந்திருக்கும்.

வண்டியை நிறுத்தி, ஸ்லோவில் ஓடவிட்டு, கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது மூன்றாவது. செயின் கவர், டேங்க், சைடு கவர், ஹார்ன் பிராக்கெட், சைலன்சர் கார்டு. கை வைத்ததும் நிற்கிற சத்தத்துக்கு எஞ்சினைத் தொடத் தேவையில்லை. எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும் புல்லட்டின் ஹெட்டைப் பிடித்திருக்கும் பட்டையையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். மவுண்ட் தளர்ந்தால் வருகிற அதிர்வை கிராங்க் பேரிங் போய்விட்டது என்று சொல்லி எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

வெளிச் சத்தத்தில் ஆளை ஏமாற்றுவதில் முதலிடம், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் பெண்ட் பைப்பின் கசிவுக்கு. ஹெட்டோடு பைப் சேரும் இடத்தில் வளைய கேஸ்கெட் போயிருந்தால் 'டிக் டிக் டிக்' என்று அச்சு அசலாக டேப்பெட் மாதிரியே கேட்கும். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் இணைப்பைச் சுற்றித் தடவி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணுங்கள். கசிவு இருந்தால் குமிழி கிளம்பும். பைப் சூடேறிய பிறகு செய்தால் சோப்புத் தண்ணீர் கொதித்து எல்லா இடத்திலும் குமிழி வரும், ஒன்றும் புரியாது. ஒருமுறை கழற்றினால் அந்த கேஸ்கெட்டைப் புதிதாகத்தான் போட வேண்டும். சின்னச் செலவு, அதில் சிக்கனம் வேண்டாம். புல்லட்காரர்கள், உதைக்கும் முன் சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் வால்வின் கேபிளையும் பாருங்கள். அதில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் இழுத்துப் பிடித்தபடி இருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாமல் 'சிக் சிக்' என்று மூச்சு விடும், ஸ்டார்ட்டிங்கும் படுத்தும்.

சைலன்சர் அடிக்கும் தாளம்

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் சைலன்சரில் ஒரு 'டப்'. கேம்ஷாஃப்ட்டும் அதே இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்றுதான். ஆகவே சைலன்சரின் டப் ஒன்றுக்கு டிக் ஒன்று என்று வந்தால் சத்தம் மேலே: டேப்பெட், வால்வை அழுத்தும் ராக்கர், கேம், அல்லது மேலே சொன்ன பெண்ட் பைப் கசிவு. டப் ஒன்றுக்கு டிக் இரண்டு வந்தால் கிராங்க் சுற்றும் கணக்கு: பிஸ்டன், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கன்ராடு, கிராங்க் பேரிங், மேக்னெட். 900 சுற்றில் ஸ்லோ வைத்த புல்லட்டில் நொடிக்கு ஏழு எட்டு டப் வரும். எண்ண முடியாது, ஆனால் சேர்த்துக் கேட்க முடியும். ஸ்ப்ளெண்டரின் வேகத்துக்குக் காது போதாது. செல்போனில் பதிவு செய்து கால் வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள், தாளம் பிரிந்து தெரியும்.

இதில் இரண்டு இடறல் உண்டு. இரண்டு வால்விலும் டேப்பெட் தளர்ந்திருந்தால் டப் ஒன்றுக்கு இரண்டு டிக் வந்து கிராங்க் மாதிரி ஏமாற்றும். கன்ராடின் கீழ்முனையான பிக் எண்ட் தேய்ந்திருந்தால் பெட்ரோல் வெடித்துத் தள்ளும் சுற்றில்தான் சத்தம் பலமாக விழும், மற்ற சுற்றில் அமுங்கிவிடும். அதனால் டப் ஒன்றுக்கு ஒரு அடியாகவே தோன்றும். தாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திருப்புளியும் வேண்டும்.

நீளமான திருப்புளி ஒன்று. முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். தோளில் துண்டு கிடந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், வேட்டியையும் மடித்துச் செருகிக்கொள்ளுங்கள்; செயினுக்குப் பக்கத்தில் குனிகிற வேலை. ராக்கர் மூடி, சிலிண்டரின் நடு, கிராங்க் கேஸின் இடம், வலம், கிளட்ச் கவர் என்று வரிசையாக வையுங்கள். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நில்லுங்கள். 'பலமாக' என்று சொல்லவில்லை, 'கூர்மையாக' என்கிறேன். இரும்பில் சத்தம் எங்கும் பரவும். பிறக்கிற இடத்தில்தான் அதற்கு விளிம்பு இருக்கும்.

டேப்பெட்

டேப்பெட் வேலை சரியாக வருவதும் வராததும் எஞ்சினின் சூட்டில் இருக்கிறது. ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே பார்க்க வேண்டும். 'ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், ஆறிவிடும்' என்பது ஆறியது ஆகாது.

பழைய ஹீரோ ஹோண்டா 100 சி.சி. எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி (கிளியரன்ஸ்) 0.05 மில்லிமீட்டர். இடப்பக்கக் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் கழற்றி, கிராங்க்கைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, 'டி' கோட்டைக் குறியோடு சேருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டால் சுற்ற லேசாக இருக்கும். கோடு சேர்ந்ததும் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் தவறான சுற்றில் நிற்கிறீர்கள், இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இதைப் பார்க்காமல் திருகி வைத்துவிட்டுப் பிறகு வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று தள்ளிக்கொண்டு வருவது சாதாரணம்.

இந்த இடைவெளியை அளக்கும் 0.05 ஃபில்லர் தகடு தாள் மாதிரி. தள்ளினால் மடங்கிவிடும். முனையிலிருந்து ஒரு அங்குலத்தில் இரண்டு விரலால் பிடித்து, ஒரு சொட்டு ஆயில் தடவி, நேராக நுழையுங்கள். லேசான பிடியோடு வர வேண்டும். பிறகு 0.10 தகட்டை வைத்துப் பாருங்கள், அது நுழையவே கூடாது. இப்போது டேப்பெட் கீயால் திருகை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு மயிரிழை சுற்றிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்ப்பது கட்டாயம். முதல் தடவையிலேயே சரியாக அமைவது அபூர்வம்.

கிளியரன்ஸ் கணக்காக இருந்தும் டிக் போகவில்லையா? ராக்கரின் நுனியைப் பாருங்கள். வால்வு தண்டு இடித்து இடித்து அங்கே ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். ஃபில்லர் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் மாதிரி கிடக்கும், தகடு 0.05 என்று சொன்னாலும் உள்ளே இருக்கும் இடைவெளி அதைவிட அதிகம். ராக்கரை மாற்றுவதுதான் வழி. தகடு பொய் சொல்கிறது என்று இன்னும் இறுக்கினால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்காராத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டைக் கடத்த இடமில்லாமல் விளிம்பு கருகும். வண்டி சத்தமே இல்லாமல் ஓடும். சூடாக நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, இழுவை குறையும். லேசாக டிக் அடிக்கிற டேப்பெட்டைவிட ஊமையாக இருக்கிற டேப்பெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காஸ்ட் அயர்ன் புல்லட்டில் தகடே வேண்டாம். வலப்பக்க டேப்பெட் மூடியைக் கழற்றி, கம்ப்ரஷன் சுற்றில் பிஸ்டனை மேலே கொண்டு வந்து, புஷ் ராடை விரலால் உருட்டுங்கள். தாராளமாக உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. உருளச் சிரமப்பட்டால் அதிகம் இறுக்கியாயிற்று. அந்தப் பொந்துக்குள் தடித்த ஸ்பேனர் நுழையாது. மெல்லிய ஸ்பேனர்கள் இல்லாமல் இறங்கினால் அறுமுனை உருண்டையாகிவிடும். 2009-க்குப் பிறகு வந்த யூ.சி.இ. எஞ்சினில் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) ஹைட்ராலிக் டேப்பெட், அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. அதில் டிக் வந்தால் ஆயில் அளவையும் ஆயிலின் வயதையும்தான் பார்க்க வேண்டும்.

டைமிங் செயின் சத்தம் வேறு ரகம். டிக் என்று வராது. சிலிண்டரின் இடப்பக்கம் 'சரசர' என்று, காய்ந்த பனை ஓலையைத் தரையில் இழுப்பது மாதிரி. ஆக்சிலேட்டரை விடும்போது கூடும். ஸ்ப்ளெண்டர் வகையில் செயின் நீள்வதற்கு முன்பே ரப்பர் ரோலர்கள் வெந்து, கல்லாகி, தேய்ந்துபோயிருக்கும். செயினை மட்டும் மாற்றி ரோலரை விட்டுவிட்டால் கொஞ்ச நாளில் அதே சத்தம் திரும்ப வரும். செயின், கைடு ரோலர், டென்ஷனர் ரோலர் மூன்றும் ஒரே தடவையில் மாற வேண்டும். டென்ஷனர் தண்டின் முனையில் உள்ள ரப்பரையும் பாருங்கள்.

கிளட்ச் லீவர் ஒரு நல்ல டாக்டர்

நியூட்ரலில் ஸ்லோவில் விட்டு, கிளட்ச்சை மெதுவாகப் பிடித்து விடுங்கள். பிடித்ததும் 'கடகட' நின்றுவிட்டால் கிளட்ச் ஹவுசிங்கின் ஆட்டம் அல்லது கியர்பாக்ஸின் உள்தண்டுப் பேரிங். பிடித்ததும் புதிதாக ஒரு சத்தம் வந்தால் கிளட்ச்சைத் தள்ளுகிற பகுதி, அதன் பேரிங். பிடித்தாலும் விட்டாலும் மாறாவிட்டால் கிளட்சை விட்டுவிட்டு எஞ்சினுக்குள் போகலாம். ஆர்.எக்ஸ். 100 ஸ்லோவில் கொஞ்சம் கடகடத்து, கிளட்ச் பிடித்ததும் அமைதியாவது அதன் பிறவிக் குணம், அதற்காகச் செலவு செய்யாதீர்கள்.

புல்லட்டில் இடப்பக்கத்திலிருந்து வருகிற 'கரகர' பெரும்பாலும் பிரைமரி செயின் தளர்வு. செயின் மிகவும் இறுகி நிற்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் மேலும் கீழுமாக ஆறு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்து முடிக்கக் கூடாது, பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். அந்தக் கவருக்குள் இருக்கும் ஆயில் தனி, எஞ்சின் ஆயிலோடு சேராது. சுமார் 420 மில்லி பிடிக்கும். ரப்பர் சீல் கசிந்து அது வற்றிப்போனதைக் கவனிக்காமல் செயினைக் குறை சொல்வார்கள்.

அடியிலிருந்து வருகிற 'டொக்'

இனி பயப்பட வேண்டிய சத்தங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் 'டக டக' என்று வெற்றுப் பானையில் தட்டுவது மாதிரி வந்து, மூன்று நான்கு நிமிடத்தில் சூடேறியதும் குறைந்துவிட்டால் பிஸ்டன் தளர்ந்திருக்கிறது. பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். புகையும் ஆயில் குடிப்பதும் இல்லையென்றால் இதோடு ஓட்டலாம். அவசரப்பட்டு சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட வேண்டியதில்லை.

சூடு ஏற ஏறக் கூடுகிறதா? அது பிக் எண்ட். ஆயில் இளகியதும் தேய்ந்த பேரிங்குக்கு மெத்தை போய்விடும். ஆழத்திலிருந்து 'டொக் டொக்' என்று வரும். பாரம் ஏற்றினால் பலக்கும். நம் பக்கம் சமவெளி, மேடு தேடி அலைய வேண்டாம். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் குறைந்த வேகத்திலிருந்து நிதானமாக முறுக்கினாலே பாரம்தான். இன்னொரு சோதனை: நிறுத்தி வைத்து, கொஞ்சம் முறுக்கிப் பிடித்தபடி சாவியை அணைத்துவிட்டு, எஞ்சின் சுற்றி அடங்கும் அந்த ஒன்றிரண்டு நொடியைக் கேளுங்கள். தீப்பொறி நின்றதும் டொக்கும் நின்றுவிட்டால் பிக் எண்ட் சந்தேகம் உறுதிப்படும். டேப்பெட் சத்தமாக இருந்தால் சுற்று அடங்கும்வரை கூடவே வரும். இதற்காக ஓடுகிற எஞ்சினில் பிளக் கேப்பைப் பிடுங்காதீர்கள். கையில் ஷாக் அடிப்பது ஒருபுறம் இருக்க, தீப்பொறி கொடுக்கும் சி.டி.ஐ.யும் காயிலும் அடிபடும்.

பிஸ்டன் பக்கத்து முனையான ஸ்மால் எண்டின் சத்தம் இன்னும் கூர்மையானது, லேசானது. ஸ்லோவில் 'டிடிக், டிடிக்' என்று இரட்டையாக வரும். கிராங்க் பேரிங் தட்டாது, உறுமும். ஃபுட்ரெஸ்டில் வைத்த காலில் அதிர்வாக ஏறும்.

சிலிண்டரை இறக்கினால் கன்ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம்கூடக் கையில் தெரியக் கூடாது. பக்கவாட்டில் ஆடுவது வேறு. அது இருக்க வேண்டியதுதான், அதைக் காட்டி 'கிராங்க் போச்சு' என்று சொன்னால் நம்ப வேண்டாம். கிராங்க் கட்டக் கொடுத்தால், கன்ராடு கிட் மாற்றி அழுத்திய பிறகு டயல் கேஜ் வைத்து, கோணாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சுத்தியலால் தட்டி நேராக்கிய கிராங்க் ஆயுளுக்கும் நடுங்கும். ரீபோரும் அப்படித்தான். பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்து போர் போடச் சொல்லுங்கள். கூடுதல் அளவு 0.25 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் இம்மி வித்தியாசம் உண்டு.

டொக் என்று உறுதியானால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். குன்றக்குடியிலிருந்து காரைக்குடி பத்து கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போய்விடலாம் என்று ஓட்டுகிற அந்தப் பத்து கிலோமீட்டரில்தான் கன்ராடு உடைந்து கிராங்க் கேஸைத் துளைக்கும். குட்டியானை வாடகை அதைவிட மலிவு.

எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே என்ன தேய்கிறது என்று சொல்லிவிடுவது வடித்த ஆயில். எஞ்சின் சூடாக இருக்கும்போது ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, பழைய வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து ஒரு டப்பாவின் வாயில் கட்டி, அதன் வழியாக வடியுங்கள். துணியை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருந்தால் சாதாரணத் தேய்மானம். தங்க நிறத்தில் மினுமினுத்தால் வெண்கலம்: ராக்கர் புஷ், ஸ்மால் எண்ட் புஷ். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்துங்கள். கூடவே நகரும் துகள் எஃகு: பேரிங், கியர் பல், கேம். நகராத வெள்ளித் துணுக்கு அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன். ஸ்ப்ளெண்டரில் பழுப்பு நார் வந்தால் கிளட்ச் பிளேட். அந்த எஞ்சினில் வலப்பக்கக் கவருக்குள் சுழல் ஆயில் ஃபில்டர் ஒன்று உண்டு. கவர் கழற்றும் சமயத்தில் அதையும் திறந்து பாருங்கள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த களிம்பு மெழுகு மாதிரி அப்பியிருக்கும். ஆயில் அளவு பார்க்கும்போது வண்டி செண்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்திருக்க வேண்டும், டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா நுழைத்து எடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. சத்தம் கேட்கிறதா, கெட்டியான ஆயில் ஊற்று என்கிற வைத்தியம். சத்தம் அமுங்கும், தேய்மானம் தொடரும். பழைய வண்டி விற்பவர்களுக்கு இது கைவந்த கலை. வாங்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் பண்ணச் சொல்லும் முன் சிலிண்டரில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

முறுக்கும்போது மட்டும், டின்னில் பட்டாணியைக் குலுக்குவது மாதிரி 'கிலுகிலு' என்று வந்தால் அது உதிரிபாகத்தின் சத்தமே அல்ல. பெட்ரோல் முறைகேடாக வெடிக்கிறது. கலப்பட பெட்ரோல், ஹெட்டில் கரி, தீப்பொறி டைமிங் முன்னால் இருப்பது, கார்பரேட்டர் ஜெட் அடைத்து பெட்ரோல் குறைவது என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். பெட்ரோல் குறைகிறதா என்று பார்க்க, சத்தம் வரும்போது சோக்கைக் கொஞ்சம் போடுங்கள். குறைந்தால் ஜெட்டைக் கழுவுங்கள். தீப்பொறிக்குப் பாயிண்ட் (காண்டாக்ட் பிரேக்கர்) வைத்த புல்லட் 350-இல் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால். பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும் என்பதால் இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கில் டப் கணக்கு செல்லாது, சுற்றுக்குச் சுற்று வெடிப்பு. அங்கே காதைவிட ஆயில் சீல் முக்கியம். மேக்னெட் பக்கச் சீல் போனால் காற்றை உறிஞ்சி, ஸ்லோ தானாக ஏறி, எஞ்சின் காய்ந்து, கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும்; கியர் ஆயில் வெளியே எங்கும் கசியாமலே குறையும். ஓடும்போது 'கிரீச்' என்று இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றினால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடியுங்கள்.

முகப்பில் நின்ற வண்டி

செட்டிநாட்டு வண்டிகளுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. வீடு பத்து மாதம் பூட்டியிருக்கும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ, திருவிழாவுக்கோ, கல்யாணத்துக்கோ வந்தால்தான் திறப்பார்கள். முகப்பில் போர்வை போர்த்தி நிற்கும் புல்லட்டை அன்றைக்கே உதைத்து, 'ஏதோ சத்தம் வருகிறது' என்பார்கள். உதைத்ததே தப்பு. நிற்கிற பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில், எஞ்சினோடு சேர்ந்த ஆயில் டேங்கிலுள்ள ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆனதும் கிராங்க் அந்த ஆயிலில் அலைந்து 'கொளகொள' என்று இடிக்கும், சைலன்சர் கொசு மருந்து வண்டி மாதிரி புகைக்கும். முதலில் கிராங்க் கேஸின் அடிப் போல்ட்டைக் கழற்றி இறங்கியதை வடித்துவிட்டு, ஆயில் டேங்கில் புது 20டபிள்யூ50 ஆயில் ஊற்றுங்கள். கீழே ஒரு தட்டும் சாக்கும் போட மறக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் ஆயிலைக் குடித்தால் கறை போகவே போகாது, அப்புறம் ஆச்சியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டைக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, சாவி போடாமல் இருபது முப்பது முறை மெதுவாக உதையுங்கள். பழைய பெட்ரோலை முழுக்க வடித்து, கார்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஸ்லோவில் விட்டு, ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசிந்தால் மேலே ஆயில் போகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். பிக் எண்டுக்கு ஆயில் தள்ளுவது வேறு பம்ப், அதற்கு இது சாட்சி ஆகாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் அளவை மறுபடி பாருங்கள். அணைத்த பிறகு 'டிங்... டிங்...' என்று கேட்பது உலோகம் ஆறிச் சுருங்குகிற சத்தம், அதை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் வருகிற டேப்பெட் சத்தத்துக்கும் உடனே ஸ்பேனர் எடுக்க வேண்டாம். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறி, இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியபின் மிஞ்சுகிற சத்தம்தான் உண்மையானது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டால் கார்பரேட்டர் காலியாகும். கம்ப்ரஷன் சுற்றில் பிஸ்டனை மேலே நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், சிலிண்டருக்குள் ஈரக் காற்று போகாது. செண்டர் ஸ்டாண்ட் போட்டு, சைலன்சர் வாயில் துணியைச் செருகுங்கள், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். துணி செருகியிருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஹேண்டில் பாரில் கட்டிவிட்டுப் போங்கள். அடுத்த திருவிழாவுக்கு முதலில் வருகிறவர் மருமகனாக இருக்கலாம்.